மணமேடையில் வாழ்த்துரை: பேசுபவர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை ஏழு மணிக்கு வரவேற்பு என்று அழைப்பிதழில் அச்சிட்டிருந்தால், கனத்த பட்டும் கோட்டும் உடுத்திய மணமக்கள் பத்து மணிவரை மேடையில் நின்றுகொண்டே இருப்பார்கள் என்பதை, மைக்கைக் கையில் வாங்குபவர் முதலில் நினைத்துக்கொள்ள வேண்டும். கீழே மொய் உறைகளோடு ஒரு வரிசை நிற்கிறது. பந்தியில் இடம்பிடிக்க இன்னொரு கூட்டம் காத்திருக்கிறது. பேசுபவருக்குக் கிடைப்பது மூன்று நிமிடம், மிஞ்சினால் ஐந்து. அதில் பாதியை ‘அவர்களே, அவர்களே’ என்று விளிப்பதிலேயே கரைப்பதுதான் மிகப் பரவலான தவறு. பத்துப் பேரைப் பெயர் சொல்லி அழைத்தால், விடுபட்ட தாய்மாமனுக்கு மனத்தாங்கல் வரும். மணமக்களையும் இருவீட்டுப் பெற்றோரையும் மட்டும் விளித்து, ஏனையோரை ‘உறவினர்களே, நண்பர்களே’ என்பதில் அடக்கிவிடுவது நல்லது.

நீட்டிப் பேசும் வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்த திருமணத்துக்குப் பின் பரவிய சுயமரியாதை மணவிழாக்களில், புரோகிதர் இல்லாமல் ஏன் மணம் செய்கிறோம் என்பதை ஊராருக்கு விளக்க வேண்டியிருந்ததால், மணமேடையே பிரசார மேடையாகவும் அமைந்தது. அந்தத் தேவை இல்லாதவர்கள் இன்று அதன் நீளத்தை மட்டும் கடன் வாங்கியிருக்கிறார்கள். சுயமரியாதைத் திருமணத்திலும்கூட, 1967-ஆம் ஆண்டின் திருத்தத்தால் இந்து திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7-ஏ பிரிவின்படி, ஒருவரையொருவர் ஏற்பதாக மணமக்கள் சொல்வதோ, மாலையோ மோதிரமோ அணிவித்துக்கொள்வதோ, தாலி கட்டுவதோதான் மணத்தை நிறைவேற்றுகிறது. தலைமை தாங்குபவரின் உரை அன்று. ஆகவே உறுதிமொழி முடிந்த பிறகு உரைகளை வைத்துக்கொள்வதே முறை. முகூர்த்த நேரம் பார்க்காத வீட்டில், பேச்சு முடியும் நேரம் பார்த்து மணப்பெண் காத்திருப்பது வேடிக்கையாக இருக்கிறது.

மேற்கோள்களில் நேரும் தவறுகள் தனி வகை. குறுந்தொகையின் 40-ஆம் பாடலான ‘யாயும் ஞாயும் யாரா கியரோ’ பெரும்பாலான மேடைகளில் ஒலிக்கிறது. உன் தந்தையும் என் தந்தையும் எந்த வகையில் உறவினர் என்று கேட்கும் அந்தப் பாடலை, அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் நடக்கும் திருமணத்தில் உருக்கமாகச் சொன்னால், முன்வரிசையில் இருக்கும் இரண்டு மைத்துனர்களும் சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ‘தெய்வம் தொழாஅள்’ என்னும் 55-ஆம் குறளைச் சொல்லி மணமகளுக்கு மட்டும் கடமைகளை அடுக்குவது சிரித்துக் கடக்கக்கூடியது அன்று. மணமகனுக்குச் சொல்ல எதுவும் இல்லையென்றால் அறிவுரையையே விட்டுவிடலாம். ‘பதினாறும் பெற்று’ என்பதில் உள்ள பதினாறு, கல்வி, ஆயுள், நட்பு போன்ற பேறுகளைக் குறிப்பது. மக்கட்பேறு அவற்றுள் ஒன்றுதான். அதைப் பதினாறு பிள்ளைகளாக்கி நகைச்சுவை செய்வதும், ‘அடுத்த ஆண்டு இதே நாளில் தொட்டிலைப் பார்க்க வேண்டும்’ என்று கெடு வைப்பதும் இருவரையும் சபையில் கூச வைக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது, வீட்டுக்குள் இருக்க வேண்டியதை மைக்கில் சொல்வது. காதல் திருமணமென்றால் முதலில் எதிர்த்தவர் யார் என்பது, இதற்கு முன் தட்டிப்போன வரன், மாப்பிள்ளையின் விடுதிக்காலக் குறும்பு, போட்ட நகையின் கணக்கு ஆகியவை பேசுபவருக்குச் சுவையான செய்திகளாகத் தோன்றலாம். மறுநாள் சம்பந்தி வீட்டில் அதற்கு விளக்கம் சொல்பவர் அவர் அல்லர். மறைந்த தந்தையையோ தாயையோ குறிப்பிடுவதாக இருந்தால், வீட்டாரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்ன ஒரு வரியே மணமகளை அழவைத்துவிடும்.

கிறித்தவக் குடும்பங்கள் சிலவற்றின் வரவேற்பில் கேக் வெட்டியபின் கோப்பையுயர்த்தி வாழ்த்தும் வழக்கம் உண்டு. அங்கே வாழ்த்து இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் முடிய வேண்டும், ஏனெனில் அனைவரும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வாழ்த்தப்படும் மணமக்கள் அப்போது தாமும் சேர்ந்து பருகுவதில்லை என்பதும் பலர் அறியாத மரபு.

பிறகு, பெயர்கள். மணமக்களின் பெயரை மறந்து பக்கத்தில் இருப்பவரிடம் மைக்கை மூடிக்கொண்டு கேட்பவர்கள் பலர்; பெரும்பாலும் அந்தக் கேள்வியும் ஒலிபெருக்கியில் கேட்கும். அழைப்பிதழைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மேடையேறினால் போதும்.