முன்நெற்றி நிரம்பியது, உச்சி காலியானது

நகரியிலிருந்து கச்சேரிக்கு வேனில் போகும்போது எங்கள் மெல்லிசைக் குழுவின் புதுப் பாடகன் செல்போனை நீட்டினான். "அண்ணா, முடி நடப் போறேன். ஹேர்லைன் இப்படித்தான் வச்சுக்கப் போறேன்." படத்தில் ஒரு நடிகர், புருவத்துக்கு மேல் மூன்று விரல் தள்ளி முடி தொடங்கிவிடுகிறது. பையனுக்கு வயது 24. அதே வயதில் நானும் இப்படி ஒரு படத்தைத்தான் நீட்டினேன். ரஜினி வழுக்கையோடே மேடையேறுகிறாரே என்று எனக்கும் அன்று சொன்னார்கள். அவர் ரஜினி.

எந்த எண்ணெய், எந்த ஷாம்பு என்பதையெல்லாம் விடுங்கள். முடிக்காகத் தவிக்கிறவர்கள் நம்பி ஏமாறுகிற விஷயங்கள் இவை.

மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும்

வளராது. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி மேலே ஓடுகிறது. திருப்பதி இவ்வளவு பக்கத்தில் இருந்தும் எங்கள் ஊரில் வழுக்கைக்குப் பஞ்சமில்லை.

சின்ன வயதில் தாழ்வான கோடு

இதை நினைத்தால் இன்னும் எரிகிறது. முடி நடுவது என்றால் புது முடி உண்டாக்குவது என்று நினைத்திருந்தேன். பின்மண்டையில் இருப்பதைப் பிடுங்கி முன்னால் வைக்கிறார்கள், அவ்வளவுதான். டிஹெச்டி என்ற ஹார்மோன் முன்நெற்றி, உச்சி வேர்களைச் சுருக்கும். பின்மண்டை வேர்கள் அதற்கு அசைவதில்லை. இடம் மாற்றி நட்டாலும் அந்தக் குணம் போகாது. நியூயார்க் மருத்துவர் நார்மன் ஓரன்ட்ரைக் 1959-லேயே இதை எழுதிவிட்டார். ஆனால் நாற்றங்கால் சின்னது. பலருக்கு ஆயுளுக்கும் சுமார் 6,000 கிராஃப்ட்தான், அதாவது வேரோடு எடுக்கும் முடிக்கொத்துதான், தேறும். எடுத்த இடத்தில் திரும்ப முளைக்காது.

நான் போன இடத்தில் அப்பாவின் தலை எப்படி என்று யாரும் கேட்கவில்லை. மார்க்கரால் கோடு போட்டார்கள், கண்ணாடியைக் காட்டினார்கள். "இன்னும் கொஞ்சம் கீழே" என்று சொன்னது நான்தான். ஒரே நாளில் 2,800 கிராஃப்ட். சில வருடம் ராஜா மாதிரி பாடினேன். பிறகு கோட்டுக்குப் பின்னால் என் சொந்த முடி கொட்ட ஆரம்பித்தது. முன்னால் வேலி, பின்னால் பொட்டல். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ட்ரம்மர்தான் முதலில் சொன்னார்: "அண்ணே, உச்சியில லைட் அடிக்குது." இரண்டாவது முறை போனபோது பின்மண்டையில் எடுக்க அதிகம் இல்லை. தாடியிலிருந்தும் எடுத்து நட்டார்கள். அந்த முடி முரடு, சீப்பு போட்டால் தனியாக நிற்கும்.

கால்பந்து வீரர் வெய்ன் ரூனி 25 வயதில், 2011-ல், முடி நட்டுக்கொண்டதை வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு வருடத்தில் மறுபடியும் போக வேண்டியிருந்தது. அவரிடம் காசு இருந்தது. நான் ஆர்மோனியத்தை விற்றேன்.

பையனிடம் சொன்னேன்: முதலில் தோல் மருத்துவரிடம் போ. முடி உதிர்வுக்குக் கொடுக்கும் மருந்துகளான ஃபினாஸ்டரைடு, மினாக்ஸிடில் உனக்கு ஒத்துவருமா என்று அவர் சொல்லட்டும். ஒரு வருடம் பார். அப்புறமும் நடுவதானால், 45 வயதில் உன் முகத்துக்கு எது பொருந்துமோ அங்கே கோடு போடச் சொல். பக்கங்களில் கொஞ்சம் ஏறியே இருக்கட்டும். "அப்பா தலை எப்படிடா?" என்று கேட்டேன். "அவர் எப்பவும் துண்டு கட்டியிருப்பாருண்ணா."

பட்டையாகத் தோலெடுக்கும் முறை

இதில் பின்மண்டைத் தோலைப் பட்டையாக வெட்டி வேர்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தைப்பார்கள். திருப்பதியில் மொட்டை போடுகிறவருக்கு வேண்டாம். பின்மண்டையில் தையல் கோடு ஊருக்கே தெரியும்.

நட்டாச்சே என்று மருந்தை நிறுத்துவது

நட்டது நிற்கும். மருந்தால் நின்றிருந்த பழைய முடி போய்விடும்.

கச்சேரி சீசனுக்கு முன்னால் தேதி வாங்குவது

நட்ட முடி சில வாரங்களில் கொட்டும். பயப்பட வேண்டாம், வேர் உள்ளே இருக்கிறது. மூன்று, நான்கு மாதத்தில்தான் முளைக்கத் தொடங்கும். முழுசாகத் தெரிய ஒரு வருடம் ஆகும். சித்திரையில் நட்டால் ஆடிக் கிருத்திகைக்கு முன்னைவிட மோசமான தலையோடு மைக் பிடிப்பீர்கள். பையன் கேட்டிருந்தது சித்திரை இரண்டாவது வாரம். அட்வான்ஸும் கட்டிவிட்டானாம்.