கரி அடுப்பின் புகை குசினிக்குள் திரும்பினால் எங்கே பார்க்க வேண்டும்

2022இல் விடியவே காஸ் வரிசைக்குப் போய், மத்தியானம் வெறும் சிலிண்டரோடு திரும்பிய நாட்களில்தான் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குச் சிரட்டைக்கரி அடுப்பு வந்தது. கீழே சாம்பல் தட்டு, அதற்கு மேல் இரும்புத் தட்டி, பின்பக்கம் சுவரைத் துளைத்து வெளியே போகும் 4 அங்குலத் தகரக் குழாய். காஸ் ஒழுங்காகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் அம்மா அதை விடவில்லை, இறைச்சிக் கறி அதில்தான். ஆனால் முதல் மூன்று மாதம் குசினியில் நிற்க முடியாத புகை. கரிதான் கூடாது என்று நினைத்து மூன்று கடை மாறி வாங்கினேன். கரியில் ஒரு குற்றமும் இல்லை.

கரி மூட்டுவது உங்களுக்குத் தெரியும் என்று எடுத்துக்கொண்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அடுப்பு ஆறியிருக்கும்போது செய்யுங்கள்.

முதலில் சாம்பல். கீழிருந்து காற்று ஏறினால்தான் தணல் பிடிக்கும். தட்டு நிறைந்து சாம்பல் தட்டியைத் தொட்டுவிட்டால், கீழ்க் கதவை எவ்வளவு திறந்தாலும் பயனில்லை. தட்டை வெறுமையாக்கி, தட்டியின் ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் குத்திவிடுங்கள். இதற்கென்று விற்கிற கொக்கிகளை விடப் பழைய சைக்கிள் சக்கரத்துக் கம்பிதான் எனக்குப் பிடித்தது, எந்த ஓட்டைக்குள்ளும் போகும். சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் ஒரு முழுநாள் வையுங்கள், பிளாஸ்டிக் பைக்குள் போடவே வேண்டாம், உள்ளே தணல் உயிரோடு கிடக்கும். கரியையும் ஒருமுறை சல்லடையில் சலித்து, தேசிக்காய் அளவுத் துண்டுகளை மட்டும் போடுங்கள். தூள் போனால் காற்று வழி அடைபடும்.

அடுத்தது குழாய். கழற்றித் தட்டிப் பாருங்கள். வளைவுகளில்தான் கரிப்பொடி சேரும், வெளி முனையில் பறவைக் கூடும் இருக்கலாம். எங்கள் குழாயில் இரண்டு செங்குத்து வளைவுகள் இருந்தன. தகர வேலை பாஸ் ஒருவரைக் கூப்பிட்டு அவற்றைச் சாய்வான வளைவுகளாக மாற்றினோம், இழுவை நன்றாகவே கூடியது. கடல் காற்றில் மெல்லிய தகரம் சீக்கிரம் துருப்பிடித்து ஊசித்துளை விழும் என்பதால், மாற்றுவதென்றால் துருப்பிடிக்காத எஃகுக் குழாயே வாங்குங்கள், பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்கினால் கிடைக்கும். மூட்டுகளுக்குச் சாதாரண சிலிக்கன் பூச வேண்டாம், சூட்டில் கருகி உரிந்துவிடும். அதிக சூடு தாங்கும் அடுப்புச் சீமெந்து என்று கேட்டு வாங்குங்கள்.

இனி, என்னை மூன்று மாதம் அலைய வைத்த இடம். சாம்பல் இல்லை, குழாய் சுத்தம், ஆனாலும் புகை. ஒருநாள் அம்மாதான் சொன்னார், "தம்பி, நீ அந்த ஃபேனைப் போட்ட பிறகுதான் எனக்குக் கண் எரியுது." புகை போகட்டும் என்று சுவரில் நான் பூட்டிய எக்ஸோஸ்ட் ஃபேனைத்தான் சொன்னார்.

அடுப்பு ஆறிய பிறகு ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்தேன். ஃபேன் நிற்கும்போது அந்த மெல்லிய புகை நூல் உள்ளே வளைந்து குழாய்ப் பக்கம் போனது. ஃபேனைப் போட்டதும் ஒரு நொடி நடுங்கி நின்று, அப்படியே திரும்பி என் முகத்துக்கு வந்தது. ஃபேன் வெளியே தள்ளுகிற காற்றுக்குப் பதில் காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டும். கதவும் யன்னலும் சாத்தியிருந்தால் அது அடுப்புக் குழாய் வழியாகவே வரும், வரும்போது புகையையும் கூட்டிக்கொண்டு வரும்.

ஆகவே, அடுப்பு எரியும்போது ஃபேன் வேண்டாம். ஒரு யன்னலைத் திறந்து வையுங்கள், அதுவும் காற்று அடிக்கிற பக்கத்து யன்னலை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று அடிக்கும்போது எங்களுக்கு அது கடல் பக்கம். எதிர்ப்பக்கத்தை மட்டும் திறந்தால் அதுவும் ஃபேனைப் போல உறிஞ்சும். திறந்த பிறகு மறுபடி ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள், புகை நூல் உள்ளே போனால்தான் கரியை மூட்டலாம். மழைக்காலத்தில் குழாய் குளிர்ந்து கிடந்து இழுக்காவிட்டால், ஒரு தாள் பத்திரிகையைச் சுருட்டி, குழாயின் அடியில் எரித்துவிடுங்கள். உள்ளே சூடு ஏறியதும் இழுக்கத் தொடங்கும்.

அடுப்புக்குள் காற்று ஊதும் சின்ன மின்விசிறிகளை நான் விரும்புவதில்லை. கரி வேகமாகப் பிடிக்கும், உண்மைதான், ஆனால் உள்ளே அழுத்தம் கூடி மூட்டு இடுக்குகளால் வாயு குசினிக்குள் கசியும்.

அந்த வாயுதான் எனக்குப் பெரிய கவலை. தணலின் மேல் நீலமாக ஆடுகிற சின்னச் சுவாலை கார்பன் மோனொக்சைட் எரிவது. எரியாமல் தப்புகிறதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகை நின்றுவிட்டது என்பதால் ஆபத்து நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். நன்றாகச் சிவந்த தணலில் புகையே இருக்காது, வாயு இருக்கும். தலையிடி, தலைச்சுற்று, ஓங்காளம் வந்தால் எல்லாரையும் கூட்டிக்கொண்டு உடனே வெளியே போங்கள், பிறகு வைத்தியரிடம் காட்டுங்கள். இரவு தணல் கிடக்கிற அடுப்போடு ஒரே அறையில் யாரும் படுக்கக் கூடாது. பற்றரியில் ஓடும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை நாங்கள் வாங்கி மாட்டிவிட்டோம்.

பிற்சேர்க்கை: பின்னேரத்தில் மட்டும் புகைக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இருவருடைய குழாயும் மேற்குச் சுவரில், கூரைக்குக் கீழேயே முடிகிறது. பின்னேரக் கடல் காற்று நேரே அதற்குள் அடிக்கிறது. குழாயை மேலே ஏற்றி, கூரை முகட்டுக்கு மேல் குறைந்தது 2 அடி நிற்கும்படி முடியுங்கள், மழைத் தொப்பியும் வாயை நெருக்காமல் இருக்கட்டும்.

இன்னொன்று: தொடர்மாடியில், குழாய் போக வழியில்லாத குசினியில் யன்னலைத் திறந்து வைத்துப் பாவிக்கலாமா என்று ஓர் அக்கா கேட்டிருந்தார். வேண்டாம் அக்கா. புகை போகக் குழாய் இல்லாத இடத்தில் யன்னல் மட்டும் போதாது. காஸ் இல்லாத நாளில் மின் அடுப்பில் ஒரு சோறும் பருப்பும் வைத்துச் சமாளியுங்கள்.