ட்ராக்ல கார் ஓட்டப் போறீங்களா, இன்சூரன்ஸ்ல இந்தத் தப்பையெல்லாம் பண்ணாதீங்க

போன மாசம் ஒரு ட்ராக் டேல (நம்ம சொந்தக் காரை ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பழகுற நாள்) புதுசா வந்தவங்க பக்கத்து சீட்ல உக்காந்து சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். காலைல ஹெல்மெட் செக் பண்ற இடத்துல ஒரு தம்பி, கார் வாங்கி நாலு மாசம்தான் ஆகுது, லோன் ஓடிட்டிருக்கு, இன்சூரன்ஸ் என்னப்பா பண்ணேன்னு கேட்டா "அண்ணா இது ரேஸ் இல்லையே, ட்ரைனிங் தானே, கிளைம் வந்துரும்"னு அடிச்சு சொல்றான். ஏழு வருஷம் முன்னாடி நான் சொன்ன அதே வார்த்தை. அன்னிக்கு என்னை யாரும் நிறுத்திக் கேக்கல, அதான் இதை எழுதுறேன்.

பாலிசியே இல்லாம போறது, தேதி முடிஞ்ச பாலிசியோட போறது இதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுடுறேன்.

"ரேஸ் இல்லையே"ன்னு நம்புறது

இதுதான் பெருசு. இன்னிக்கு நினைச்சாலும் வயிறு எரியுது.

பாலிசில விலக்குன்னு ஒரு பகுதி இருக்கும், எதுக்கெல்லாம் பணம் வராதுன்னு சொல்ற இடம், அதுல நம்ம கண்ணு ரேஸ்ங்கற வார்த்தையை மட்டும் தேடும். டைமிங் (ஒரு ரவுண்டுக்கு எவ்வளவு நேரம்னு அளக்கிறது) கிடையாது, பரிசு கிடையாது, நேர் ரோட்ல முன்னாடி போறவர் கை காட்டினாத்தான் ஓவர்டேக், அப்போ இது ரேஸ் இல்ல, முடிஞ்சுதுன்னு மூடி வச்சிருவோம். ஆனா அந்த வார்த்தை அங்க தனியா இருக்காது. இந்தியால ப்ரைவேட் கார் பாலிசியை எடுத்துப் பாருங்க, எதுக்கெல்லாம் வண்டியைப் பயன்படுத்தக் கூடாதுங்கற இடத்துல ஆர்கனைஸ்டு ரேஸிங் கூடவே பேஸ் மேக்கிங் (மத்தவங்களுக்கு வேகம் காட்டி முன்னாடி ஓடுறது), ஸ்பீட் டெஸ்டிங், ரிலையபிலிட்டி ட்ரையல் (வண்டி தாங்குதான்னு பாக்கிற ஓட்டம்)னு வரிசையா இருக்கும். அமெரிக்கால பழைய பாலிசிகள்ல ரேஸுக்காக கட்டின இடத்துக்குள்ள போட்டி போடுறதோ அதுக்கு பிராக்டிஸ் பண்றதோ கவர் ஆகாதுன்னு இருந்துச்சு, புது வாசகங்கள்ல அதோட ட்ரைவர் ஸ்கில் ட்ரைனிங்னும் சேர்த்துட்டாங்க. இன்னும் சில பாலிசில நீங்க என்ன பண்ணீங்கன்னே கேக்க மாட்டாங்க, ரேஸ் ட்ராக்குக்குள்ள வண்டி இருந்துச்சா, அது போதும்.

நான் பாலிசியைப் படிக்காம போகல, அதுதான் கொடுமை. படிச்சேன், ஆனா படிச்சது ரெண்டு ரின்யூவலுக்கு முந்தின பேப்பரை. நடுவுல ரின்யூவலோட ஒரு திருத்தம் வந்திருக்கு, ரெண்டு பக்கம், நான் பிரீமியம் எவ்வளவுன்னு மட்டும் பாத்துட்டு கவரை ட்ராயர்ல போட்டுட்டேன். அந்த ரெண்டு பக்கத்துலதான் பயிற்சியும் சேத்திதான்னு ஒரு வரி.

மத்தியானம் மூணாவது செஷன், பிரேக் பெடல் கொஞ்சம் கொஞ்சமா கீழ இறங்க ஆரம்பிச்சிருச்சு, ஒரு ரவுண்டு மெதுவா போய் ஆற விட்டிருக்கணும், விடல. இடது வளைவுல உள்ள நுழையும்போதே வேகம் அதிகம்னு தெரிஞ்சு பயத்துல ஆக்ஸிலரேட்டர்ல இருந்து காலை எடுத்தேன், பின்பக்கம் சுத்திக்கிட்டு போய் முன் வலது மூலை பேரியர்ல இடிச்சுது. எனக்கு ஒண்ணும் ஆகல. கார் சேஸிஸ் வளைஞ்சு போச்சு.

சர்வேயர் வந்தார், ரொம்ப தன்மையான மனுஷன். நான் போன்லயே நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தேன், ஆனாலும் அவர் கார சுத்தி வந்து ஒவ்வொண்ணா போட்டோ எடுத்தார். முன் பம்பர்ல முறுக்கி வச்ச டோ ஹுக், வண்டியை இழுக்கிற கொக்கி, அப்படியே இருக்கு. ரெண்டு கதவுலயும் நம்பர் ஒட்டின டேப்போட பசை, அதுல தூசி படிஞ்சு ஏழுன்னு தெளிவா தெரியுது. டயர் ஓரம் உருகி சுருண்டிருக்கு, அதுல மத்த கார்களோட ரப்பர் துணுக்கு அட்டைப்பூச்சி மாதிரி ஒட்டியிருக்கு. பேனாவால அதைத் தொட்டுப் பாத்துட்டு எதுவும் பேசாம எழுதிக்கிட்டார். பன்னெண்டு நாள்ல லெட்டர் வந்துச்சு, கிளைம் இல்ல, எந்த வரியால இல்லங்கறதையும் அடிக்கோடு போட்டு அனுப்பியிருந்தாங்க.

அதோட முடியல. ட்ராக்காரங்ககிட்ட இருந்து தனியா ஒரு பில்: பேரியர் தகடு மூணு, போஸ்ட் ரெண்டு, மாத்துற கூலி, இழுத்துட்டு வந்த வண்டிக்கு. அடுத்தவங்க சொத்துக்கு சேதம்னா தேர்ட் பார்ட்டி பாத்துக்கும்னு நினைச்சேன், அந்தப் பகுதிலயும் அதே விலக்கு. காரே இல்லாம ஒன்றரை வருஷம் லோன் கட்டினேன். ஒவ்வொரு மாசமும் அந்தப் பணம் போற தேதில அந்த ட்ராயர்தான் ஞாபகம் வரும்.

அதனால இன்னிக்கு கையில இருக்கிற பாலிசியை, திருத்தங்களோட, விலக்கு பகுதியை ஓன் டேமேஜுக்கு ஒரு தடவை, தேர்ட் பார்ட்டிக்கு ஒரு தடவை தனித்தனியா படிங்க. ரெண்டுலயும் வாசகம் வேற வேற மாதிரி இருக்கலாம்.

"அவனுக்கு கிளைம் கொடுத்தாங்களே"

அவன் பாலிசி வேற, உங்க பாலிசி வேற.

ரோட்ல இடிச்சதா சொல்லிடலாம்னு யோசிக்கிறது

எனக்கும் ஒரு ஃப்ரெண்டு இந்த யோசனையை சொன்னான். செய்யாதீங்க. அது மோசடி, கிளைம் போறது மட்டுமில்ல, பாலிசியே ரத்தாகும், கேஸும் வரலாம், அப்புறம் வேற கம்பெனிகிட்ட போனாலும் அந்தக் கேள்வி வந்து நிக்கும். டயர் ஓரமே உண்மையைச் சொல்லிடும்.

கையெழுத்து போட்ட பேப்பர் காப்பாத்தும்னு நினைக்கிறது

காலைல வரிசைல நின்னு ஒரு பேப்பர்ல கையெழுத்து போடுவோம், யார் மேலயும் கேஸ் போட மாட்டேன்னு. வழக்கமா ட்ராக்ல அவங்கவங்க கார் அவங்கவங்க செலவு. ஆனா அது இன்சூரன்ஸ் இல்ல, பணம் தராது. மோசமான அலட்சியம்னு கோர்ட் முடிவு பண்ணா பல இடங்கள்ல அந்தப் பேப்பர் நிக்காது. பேரியர் உடைஞ்சா நான் கட்டுறேன்னு அதே பேப்பர்ல நீங்களே ஒத்துக்கிட்டிருக்கலாம், ரெண்டாம் பக்கத்தையும் படிங்க.

சட்டம் எப்படியெல்லாம் திரும்பும்ங்கறதுக்கு ஒண்ணு சொல்றேன். ஸ்லோவேனியால ஒரு களஞ்சியத்துல ட்ராக்டரோட ட்ரெய்லர் ஏணில மோதி ஒருத்தர் விழுந்துட்டார். அந்த வழக்குல 2014ல ஐரோப்பிய நீதிமன்றம், வண்டியோட இயல்பான பயன்பாடு எங்க நடந்தாலும் கட்டாய தேர்ட் பார்ட்டி பொருந்தும்னு சொல்லிருச்சு. அப்படின்னா ரேஸ் கார்களுக்கும் வேணுமேன்னு மோட்டார் ஸ்போர்ட்ஸ் மொத்தமும் பதறிப்போச்சு, 2021ல ஐரோப்பிய ஒன்றியம் புது விதில மோட்டார் ஸ்போர்ட்ஸ் நிகழ்ச்சிகளுக்கு விலக்கு கொடுத்தது, பிரிட்டன் 2022ல தனிச் சட்டமே போட்டு அந்தத் தீர்ப்பை விலக்கிக்கிச்சு. அதனால ஒரு நாட்டுல கேட்டதை வச்சு இன்னொரு நாட்டுல ஓட்டாதீங்க.

நூர்பர்க்ரிங்கை ட்ராக் டேன்னு நினைக்கிறது

ஜெர்மனில இருக்கிற நூர்பர்க்ரிங் ரேஸ் ட்ராக்ல நார்ட்ஷ்லைஃபெங்கற 20.8 கிலோமீட்டர் பகுதில பொதுமக்கள் ஓட்டுற நாள்ல அது சட்டப்படி ஒருவழி கட்டணச் சாலை, ஜெர்மன் சாலை விதி பொருந்தும். அதை வச்சு கவர் உண்டுன்னு முடிவு பண்ணிடாதீங்க, பல பாலிசில அந்த இடத்தையும் சேத்தே விலக்கியிருப்பாங்க. பேரியர், மீட்பு வண்டி எல்லாம் உங்க கணக்கு. உங்க கார்ல இருந்து ஆயில் கொட்டி பின்னாடி வர்றவன் வழுக்கி விழுந்தா அவனும் உங்ககிட்டதான் வருவான்.

ட்ராக் டே பாலிசி வாங்கிட்டு நிம்மதியா இருக்கிறது

ஒரு நாளைக்குன்னு தனியா விக்கிறாங்க, நானும் இப்போ அதுதான் எடுக்கிறேன். ஆனா அது பெரும்பாலும் உங்க கார் சேதத்துக்கு மட்டும்தான், பேரியருக்கோ அடுத்த காருக்கோ இல்ல. கார் மதிப்பை முன்னாடியே நீங்க ஒத்துக்கிட்டு போடுவாங்க, நீங்க குறைச்சு சொன்னா குறைச்சுதான் வரும். நீங்க கைல இருந்து போடுற பங்கு அந்த மதிப்புல ஒரு சதவீதமா இருக்கும், சாதாரண பாலிசியை விட பெருசு. இன்ஜின் போச்சு, கியர்பாக்ஸ் போச்சுன்னா அது கவர் இல்ல. டைமிங் வச்ச செஷன் ஓட்டினா அதுவும் போச்சு. எல்லாத்துக்கும் மேல, நிகழ்ச்சி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி வாங்கணும்.

உடம்பை மறக்கிறது

ஹெல்த், ஆக்ஸிடென்ட், லைஃப் பாலிசி மூணுலயும் மோட்டார் ஸ்போர்ட்ஸ் விலக்கு இருக்கான்னு பாருங்க. பக்கத்து சீட்ல உக்கார்ற இன்ஸ்ட்ரக்டருக்கும் குடும்பம் இருக்கு.

வாடகைக் கார், லீஸ் கார்

எடுத்துட்டு போகாதீங்க.

வாயால கேட்டு வாயால பதில் வாங்குறது

ஏஜென்ட் "ஒண்ணும் பிரச்சனை இல்ல சார்"னு சொல்றது கிளைம் நாள்ல நிக்காது. ஈமெயில்ல கேளுங்க: "இந்த தேதில, இந்த ரேஸ் ட்ராக்ல, டைமிங் இல்லாத பயிற்சி நிகழ்ச்சில என் காரை நான் ஓட்டும்போது ஓன் டேமேஜும் தேர்ட் பார்ட்டியும் செல்லுமா, பேடாக்ல (ட்ராக் பக்கத்துல கார் நிறுத்துற இடம்) நிறுத்தியிருக்கும்போது செல்லுமா, எந்தப் பிரிவுப்படி?" அந்தத் தம்பி அன்னிக்கு காரை பேடாக்லயே விட்டுட்டு இதையே தட்டி அனுப்பினான். நாலு நாள் கழிச்சு பதில் வந்துச்சு, ரெண்டுமே செல்லாதுன்னு, பிரிவு எண்ணோட.