பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? கயிற்றை விட்டுவிட்டு டேங்கைத் திறங்கள்

ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து மார்கழி வெயில் தலைகாட்டும்போது சேரன்மகாதேவிப் பக்கம் வாழைத் தோட்டங்களில் புல் முழங்கால் உயரத்துக்கு நிற்கும். கன்னடியன் கால்வாய்த் தண்ணீரும் மழையும் சேர்ந்தால் கோரையும் அருகும் சொல்லி மாளாது. அப்போதுதான் மோட்டார் ரூம் மூலையில் மூன்று மாதமாகச் சும்மா கிடந்த புல் வெட்டும் மெஷின் ஞாபகம் வரும். எடுத்து வந்து கயிற்றை இழுத்தால் உறுமாது. இருபது முறை, முப்பது முறை இழுத்துத் தோள்பட்டை வலி எடுத்த பிறகு, "மெஷின் போச்சு" என்று பைக்கில் கட்டி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோவோம்.

நானும் அப்படித்தான் முதல் வருடம் கொண்டுபோனேன். அந்தக் கடையில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரையே மாற்றச் சொன்னார்கள். மாற்றியும் இரண்டு நாளில் பழைய கதைதான். அப்புறம் பம்ப்செட் வேலை பார்க்கும் ஓர் அண்ணாச்சி வந்து பார்த்தார். மெஷினைத் தொடவே இல்லை. "இத எப்ப உள்ள வச்ச, எப்படி வச்ச? அத மொதல்ல சொல்லு தம்பி" என்று கேட்டார். புரட்டாசி கடைசியில், பாதி டேங்க் பெட்ரோலோடு வைத்தேன் என்றேன். "அன்னைக்கே கெட்டுப்போச்சு. இன்னைக்குத்தான் ஒனக்குத் தெரியுது" என்றார்.

நின்று கிடந்த மெஷின் என்றால் பழுது பெரும்பாலும் அதை உள்ளே வைத்த நாளில் தொடங்கியதாகத்தான் இருக்கும். அதை மனதில் வைத்து வரிசையாகப் பார்த்தால் புதிதாக மெஷின் வாங்கியவர்கள்கூடப் பாதிக்கு மேல் வீட்டிலேயே சரிசெய்துவிடலாம். தோளில் மாட்டி வெட்டும், பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டரை வைத்து எழுதுகிறேன். நம் பக்கம் வரப்புக்கும் தோப்புக்கும் அதுதான் அதிகம். சக்கரம் வைத்துத் தள்ளும் புல்தரை மெஷின் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

கை வைப்பதற்கு முன்

மெஷினோடு வந்த பிளக் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், பழைய பல் தேய்க்கும் பிரஷ், காய்ந்த துணி, ஒரு ஆக்சா பிளேடு, எஞ்சினுக்குள் பொறி உண்டாக்கும் ஸ்பார்க் பிளக் புதிதாக ஒன்று. இவ்வளவு போதும். வேலையை மோட்டார் ரூமுக்குள் வைத்துக்கொள்ளாதீர்கள். வெளியே மர நிழலில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். பக்கத்தில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. பிளேடு பக்கம் கை போவதற்கு முன் பிளக்கின் ரப்பர் மூடியைக் கழற்றி ஒதுக்கிவிடுங்கள். அது கழன்றிருந்தால் எஞ்சின் தற்செயலாகக்கூட எழும்பாது.

முதலில், சரியாகத்தான் இழுக்கிறோமா?

கைப்பிடியில் இருக்கும் சுவிட்ச் ஓடும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். தோட்டத்து ஆள் கடைசியாக அணைத்துவிட்டு வைத்த சுவிட்ச் அப்படியே கிடப்பது சாதாரணம்.

அடுத்து, கார்பரேட்டருக்குக் கீழே பட்டாணி அளவைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு ரப்பர் குமிழ் இருக்கும். அதை ஏழெட்டு முறை மெதுவாக அமுக்குங்கள். உள்ளே பெட்ரோல் ஏறுவது கண்ணுக்குத் தெரிய வேண்டும். குளிர்ந்த எஞ்சின் என்றால் சோக்கை, அதாவது உள்ளே போகும் காற்றைக் குறைக்கும் லிவரை, மூடுங்கள். மெஷினைத் தரையில் வைத்து இடக்கையால் அழுத்திப் பிடித்து, கயிற்றை மெதுவாக இழுத்தால் ஓரிடத்தில் பிடிக்கும். அந்த இடத்திலிருந்து ஒரே வேகமாக இழுக்க வேண்டும். கயிறு முழு நீளத்துக்கும் வரும்படி வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். கையை விட்டு அதைத் துள்ளவும் விடாதீர்கள்.

மூன்று நான்கு இழுப்பில் "டப்" என்று ஒரு சத்தம் வந்து அடங்கும். புதியவர்கள் தவறுவது இங்கேதான். அந்தச் சத்தம் கேட்டதும் சோக்கைத் திறந்துவிட்டு இழுக்க வேண்டும். மூடியபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் உள்ளே நிரம்பி பிளக் நனைந்துவிடும். அதற்கு மேல் எத்தனை முறை இழுத்தாலும் பலன் இல்லை.

காலையில் நன்றாக ஓடி, டீ குடித்துவிட்டு வந்து இழுத்தால் எடுக்கவில்லை என்றால் அது வேறு. சூடான எஞ்சினுக்குச் சோக் வேண்டாம். சித்திரை வெயிலில் மெஷினை வெட்ட வெளியில் விட்டுவிடாமல் நிழலில் கால் மணி நேரம் வைத்து, டேங்க் மூடியை ஒருமுறை தளர்த்தி மூடிவிட்டு இழுத்துப் பாருங்கள். மூடியில் காற்றுப் போகும் சிறு துளை அடைத்திருந்தாலும் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும். தளர்த்தினால் ஓடுகிறது, இறுக்கினால் நிற்கிறது என்றால் துளையைச் சுத்தம் செய்தால் போதும்.

பெட்ரோல்: பாதி வழக்கு இங்கேயே முடியும்

டேங்க் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். புதிய பெட்ரோலின் வாடை நமக்கெல்லாம் தெரியும். பழையது வார்னிஷ் மாதிரி, புளித்த மாதிரி இருக்கும். நிறமும் கறுத்திருக்கும். ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் ஊற்றி ஐந்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனியாக ஒரு படலம் பிரிந்து நின்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

இதற்குக் காரணம் இருக்கிறது. இந்தியாவில் 2022-இல் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு எட்டப்பட்டது. 2025-இல் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீதம் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். தினமும் ஓடும் பைக்கில் அது பெரிதாகத் தெரியாது, பெட்ரோல் அடுத்தடுத்து தீர்ந்துவிடுகிறது. மழைக்காலம் முழுக்க ஈரமான மோட்டார் ரூமில் பாதி டேங்கோடு கிடக்கும் மெஷினின் நிலை அப்படி இல்லை. ஈரம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கிவிடும். குழாய் பெட்ரோலை உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். மீதிப் பெட்ரோல் ஆவியாகப் போகப் போகக் கார்பரேட்டரின் ஊசித் துளைகளில் பிசின் மாதிரி படியும்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். அதை வாய்க்காலிலோ வாழை மூட்டிலோ கொட்ட வேண்டாம். மூடிபோட்ட கேனில் எடுத்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். டேங்குக்குள் குழாயின் நுனியில் ஒரு சின்ன ஃபில்டர் இருக்கும். வளைத்த கம்பியால் மெதுவாக வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்து, பிசுபிசுத்து இருந்தால் மாற்றுங்கள். குழாயையும் வளைத்துப் பாருங்கள். விறைத்து வெடிப்பு விட்டிருந்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றைத்தான் உறிஞ்சும். ரப்பர் குமிழை அமுக்கினால் உள்ளே பெட்ரோல் ஏறாமல் குமிழி குமிழியாக வருவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அமுக்கிய குமிழ் எழும்பாமல் ஒட்டியே கிடந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது.

இப்போது புதிய கலவை. உங்கள் மெஷின் எந்த விகிதம் கேட்கிறது என்று டேங்கிலோ கையேட்டிலோ போட்டிருப்பார்கள். 25:1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி டூ டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்), 50:1 என்றால் 20 மில்லி. டேங்கிலேயே ஊற்றிக் கலக்காமல் தனிக் கேனில் கலந்து குலுக்கி ஊற்றுங்கள். குத்துமதிப்பாக மூடியால் அளந்து ஊற்றும் பழக்கம் வேண்டாம். ஆயில் கூடினால் பிளக் கரி பிடிக்கும். குறைந்தால் பிஸ்டன் உரசி மெஷினே போய்விடும். சில பிரஷ் கட்டர்கள் ஃபோர் ஸ்ட்ரோக். அவற்றுக்கு ஆயில் ஊற்றத் தனி வாய் இருக்கும். அவற்றின் டேங்கில் வெறும் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும்.

பிளக் சொல்லும் சேதி

புதிய பெட்ரோல் ஊற்றியும் எடுக்கவில்லையா, பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றியதும் துடைத்துவிடாதீர்கள். முதலில் அதன் முனையைப் பாருங்கள். நான் இந்த வேலையில் அதிகம் நம்புவது அந்த முனையைத்தான்.

முனை காய்ந்து கிடந்தால் பெட்ரோல் உள்ளே வரவே இல்லை. குழாய், ஃபில்டர், கார்பரேட்டர் பக்கம் தேடுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி வரவில்லை. இல்லையென்றால் சோக்கை மூடியபடி இழுத்து நிரப்பிவிட்டோம். கறுப்புக் கரி அப்பியிருந்தால் ஆயில் அதிகம், அல்லது காற்று போதவில்லை. காப்பித்தூள் நிறத்தில் காய்ந்திருந்தால் கடைசி முறை எஞ்சின் நன்றாகவே எரிந்திருக்கிறது.

நிரம்பிப்போன எஞ்சினுக்கு வைத்தியம் எளிது. சுவிட்சை அணைத்து, சோக்கைத் திறந்து, பிளக் துளை தரையைப் பார்க்கும்படி மெஷினைச் சாய்த்து, கயிற்றை ஆறேழு முறை இழுங்கள். உள்ளே நின்ற பெட்ரோல் தெறித்து வெளியே வரும். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பிளக்கைத் துடைத்துக் காயவைத்து, பத்து நிமிடம் ஆறவிட்டு மாட்டுங்கள்.

பொறி வருகிறதா என்று பார்க்க, சிந்திய பெட்ரோல் எல்லாம் காய்ந்த பிறகு பிளக்கை அதன் ரப்பர் மூடிக்குள் செருகி, பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினின் உலோகத்தில் படும்படி வையுங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், அதிலிருந்து ஆவி வரும். பிளக்கை வெறும் கையால் பிடிக்காமல் பிளாஸ்டிக் பிடி போட்ட இடுக்கியால் பிடித்து, சுவிட்சைப் போட்டு, நிழலில் ஒருவரைக் கயிறு இழுக்கச் சொல்லுங்கள். நீலமாகப் பளிச்சென்று பொறி வந்தால் சரி. மங்கலாக மஞ்சளாக வந்தாலும் வராவிட்டாலும் புதிய பிளக்கைப் போட்டுப் பாருங்கள். முனை இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். ஆக்சா பிளேடு ஒன்று இடையில் சற்றே உரசிக்கொண்டு போனால் அந்த அளவு ஏறத்தாழ வந்துவிடும்.

புதிய பிளக்கிலும் பொறி இல்லை என்றால் சுவிட்சிலிருந்து, பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலுக்குப் போகும் மெல்லிய ஒயரைப் பாருங்கள். மோட்டார் ரூமில் எலி இருந்தால் கடித்திருக்கும். ஒயரின் தோல் உரிந்து உலோகத்தில் தொட்டாலே எஞ்சின் அணைந்த மாதிரிதான். அதுவும் நன்றாக இருந்தால் காயிலைப் பார்க்க வேண்டும். அதை ஒர்க்‌ஷாப்பில் விடுங்கள்.

காற்று வரும் வழி, புகை போகும் வழி

ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்து ஸ்பாஞ்சை எடுங்கள். ஆடிக் காற்றில் திசையன்விளை பக்கத்துத் தேரிக்காட்டில் வெட்டினால் ஒரே நாளில் அது செம்மண் கட்டியாகிவிடும். சோப்புத் தண்ணீரில் அலசி, பிழிந்து, நிழலில் நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பேப்பர் ஃபில்டர் என்றால் கழுவக் கூடாது. தட்டிச் சுத்தம் செய்யலாம், இல்லையென்றால் மாற்ற வேண்டும்.

புகை போகும் துளையை யாரும் பார்ப்பதில்லை. ஒரு தை மாதம் பெட்ரோல், பிளக், ஃபில்டர் எல்லாம் சரியாக இருந்தும் என் மெஷின் எடுக்கவில்லை. அரை நாள் போராடினேன். கடைசியில் சைலன்சர் துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் வேட்டுவக் குளவி மண்ணை உருட்டிக் கொண்டுவந்து கூடு கட்டியிருந்தது. சுவரிலும் ஜன்னல் மூலையிலும் கட்டுமே, அதே கூடு. குச்சியால் நோண்டி எடுத்ததும் இரண்டாவது இழுப்பில் எழும்பியது. சைலன்சர் வாயில் ஒரு சின்ன வலை இருக்கும் மெஷின்களில் கரியும் அதை அடைத்துவிடும். கழற்றி பல் பிரஷ்ஷால் தேய்த்துவிடலாம்.

எங்கே நிறுத்த வேண்டும்

இத்தனையும் பார்த்து, பிளக் மட்டும் காய்ந்தே வந்தால் கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவ வேண்டும். உள்ளே மெல்லிய ரப்பர் தாள் இருக்கும். பழைய பெட்ரோலில் விறைத்திருந்தால் அதை மட்டும் மாற்றலாம். முழுக் கார்பரேட்டரையும் மாற்றச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். கழற்றத் தெரியாதவர்கள் கார்பரேட்டரின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகுகளைத் திருக வேண்டாம். அவற்றின் அளவு தவறினால் திரும்பச் சரிசெய்வது சிரமம்.

கயிறு எந்த எதிர்ப்பும் இல்லாமல் நூல்கண்டு மாதிரி லேசாக வந்தாலும், கல் மாதிரி அசையாவிட்டாலும் பிஸ்டன் பக்கம் பழுது. ஆயில் கலக்காத பெட்ரோல் ஊற்றியிருந்தால் அநேகமாக அதுதான். இழுத்துப் பார்ப்பதை உடனே நிறுத்திவிடுங்கள்.

தள்ளும் மெஷின் வைத்திருப்பவர்களுக்கு

பள்ளிக்கூட மைதானத்திலும் சர்ச் வளாகத்திலும் இருக்கும் சக்கர மெஷின்கள் பெரும்பாலும் ஃபோர் ஸ்ட்ரோக். பெட்ரோல், பிளக், ஃபில்டர் கதை இதற்கும் அதேதான். கூடுதலாக, கைப்பிடிக் கம்பியைச் சேர்த்துப் பிடித்தால்தான் எடுக்கும். விட்டால் நின்றுவிடும். அதன் கேபிள் தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாது. ஆயில் அளவுக் குச்சியைப் பாருங்கள். கழுவுவதற்காகத் தப்பான பக்கம் சாய்த்திருந்தால் ஆயில் ஏர் ஃபில்டரில் இறங்கியிருக்கும். பிளக் மூடியைக் கழற்றிவிட்டு அடியில் பிளேடைச் சுற்றி ஈரப்புல் கட்டியாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கல்லில் மோதி நின்ற பிறகு எடுக்கவில்லை என்றால் ஃபிளைவீலின் சிறு சாவி வெட்டுப்பட்டிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

உள்ளே வைக்கும் நாளில்

புரட்டாசியில் கடைசியாக வெட்டி முடித்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். கார்பரேட்டரில் மிச்சம் இருப்பதும் எரிந்துவிடும். எஞ்சின் ஆறியதும் பிளக்கைக் கழற்றி துளையில் சில சொட்டு டூ டி ஆயில் விட்டு, கயிற்றை இரண்டு முறை மெதுவாக இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். சைலன்சர் வாயில் துணியைச் சுருட்டி அடைத்து, அதன் வால் வெளியே தொங்கும்படி விடுங்கள். மார்கழியில் எடுக்கும்போது கண்ணில் பட வேண்டும். தரையில் போடாமல் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். மீந்த கலவையைக் கேனில் சேர்த்து வைக்காதீர்கள். அடுத்த மழை முடிந்ததும் பங்கில் புதிதாக ஒரு லிட்டர் வாங்கிக் கலந்துகொள்ளலாம்.