ஹாட்ரியனின் பயணக் காசுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமப் பேரரசர் ஹாட்ரியன் (கி.பி. 117–138) ஒரே இடத்தில் உட்கார்ந்து ஆண்டவர் இல்லை. மாகாணம் மாகாணமாகச் சுற்றினார். அந்தப் பயணங்களை நினைவுகூரும் தங்கக் காசுகளைப் பார்த்ததும், அவர் போன ஊரிலேயே, போன ஆண்டிலேயே அடித்தவை என்று முடிவுகட்டிவிடுகிறோம். இரண்டுமே தவறு.

அவை ரோம் நகர நாணயச்சாலையில் அடிக்கப்பட்டவை. ஆண்டும் ஒத்துவராது. அவர் ஸ்பெயினில் தங்கியது 122–123 குளிர்காலத்தில். ஆனால் ஹிஸ்பானியா (ஸ்பெயினின் ரோமப் பெயர்) காசில் ‘நாட்டின் தந்தை’ பட்டத்தின் சுருக்கம் இருக்கிறது. அந்தப் பட்டத்தை அவர் ஏற்றது 128இல். ஆக, பயணம் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, ‘நான் பார்த்த பேரரசு இது’ என்று மொத்தமாக அறிவித்த வரிசை இது. ‘மூன்றாம் முறை கான்சல்’ (கான்சல் என்பது ரோமின் உயர் அரசுப் பதவி) என்ற குறிப்பை வைத்து ஆண்டைச் சொல்லவும் முயலாதீர்கள். 119இல் மூன்றாம் முறை கான்சல் ஆனவர், அதன்பின் அப்பதவியை ஏற்கவே இல்லை. கடைசிவரை அதே எண்தான்.

பின்பக்கத்தில் இருக்கும் பெண்ணை அரசி என்று நினைப்பவர்களும் உண்டு. அவள் மாகாணத்தின் உருவகம். கையில் ஆலிவ் கிளை, பக்கத்தில் முயல் என்றால் ஸ்பெயின். யானைத் தலைத்தோலைத் தலையில் அணிந்து தேளை ஏந்தியிருந்தால் ஆப்பிரிக்கா. கிலுகிலுப்பை போன்ற சிஸ்ட்ரம் என்ற வாத்தியமும் ஐபிஸ் பறவையும் எகிப்துக்கு.

மண்டியிட்டிருக்கும் பெண்ணைப் போர்க்கைதி என்று படிப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகத் தெரிகிறது. ‘மீட்டெடுத்தவருக்கு’ என்ற வாசகம் கொண்ட காசுகளில் பேரரசர் கைகொடுத்து அவளை எழுப்புகிறார். முந்தைய பேரரசர் வெஸ்பாசியன் யூதேயாவை வென்றதைக் கொண்டாடிய காசில் ஈச்ச மரத்தடியில் துயரத்தோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணை இதோடு ஒப்பிட்டால், ஹாட்ரியன் வேறு கதை சொல்ல விரும்பியது புரியும். அது பிரச்சாரம்தான், சரி. ஆனால் வெற்றி முழக்கம் இல்லை.

வாங்க நினைப்பவர்கள் எடையை முதலில் பாருங்கள். ஔரியஸ் என்ற இந்த ரோமத் தங்கக் காசு சுமார் 7 கிராம். நகையில் மாட்டப் பற்றவைத்த தடம் இருந்தால் மதிப்பு குறையும்.

அப்புறம், எல்லா வகையும் தங்கத்தில் வரவில்லை. அங்கே ஹாட்ரியன் சுவர் கட்டிய புகழ் இருந்தும் பிரிட்டன் வருகைக்குச் செம்பு, பித்தளை வகைக் காசுதான். மாகாணப் படைகளைப் போற்றும் காசுகளும் அப்படியே. அவற்றைத் தங்கத்தில் யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள்.