வீட்டில் ஜாஸ் கிட்டார்: எந்த ஆம்ப் ஹெட்?

ஹெட் என்றால் ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் ஆம்ப், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் கருவி. வால்வு (வெற்றிடக் குழாய்) ஹெட்தான் வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். ஜாஸ் கிட்டார் கலைஞர் ஜோ பாஸ் வாசித்த பாலிடோனே சாலிட் ஸ்டேட் (வால்வுக்குப் பதில் டிரான்சிஸ்டர்) ஆம்ப்தான். ஜாஸுக்குக் கரகரப்பில்லாத ஒலி முக்கியம். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாரில் கார்டை (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்களை) அழுத்தி வாசித்தால் 5 வாட் வால்வு ஹெட் சீக்கிரமே கரகரக்கும்.

கையடக்கமான 20 வாட் ஆரஞ்ச் மைக்ரோ டெரர் வீட்டுக்குத் தாராளம். கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) குறைத்து வால்யூமை ஏற்றுங்கள். ஹெட்ஃபோன் துளையும் உண்டு, இரவில் பக்கத்து வீட்டுச் சண்டை மிச்சம்.

அப்புறம், வால்வு ஹெட்டைத் தவிர்த்து மிச்சப்பட்ட காசை 12 அங்குல ஸ்பீக்கர் உள்ள கேபினெட்டில் (ஸ்பீக்கர் பெட்டியில்) போடுங்கள். ஒலியின் கனம் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஹெட்டின் பின்புறம் 8 ஓம் (மின்தடை அளவு) என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள். இணைக்க ஸ்பீக்கர் கேபிளே வேண்டும். கிட்டார் கேபிள் சூடாகிவிடும்.