ஒற்றைச் சர்வரில் குரூப் பாலிசி சிதைந்தால்: எங்கே பார்ப்பது, எதைத் தொடக்கூடாது

சிறு அலுவலகங்களில் டொமைன் கன்ட்ரோலர் (பயனர், கணினிக் கணக்குகளை நடத்தும் சர்வர்), மின்னஞ்சல், ஃபைல் ஷேர் எல்லாமே ஒரே பெட்டியில் ஓடும். விண்டோஸ் ஸ்மால் பிசினஸ் சர்வர் 2011 ஸ்டாண்டர்ட் அப்படிப்பட்டது. உள்ளே விண்டோஸ் சர்வர் 2008 ஆர்2, மேலே மின்னஞ்சலுக்கு எக்ஸ்சேஞ்ச் 2010, அதிகபட்சம் 75 பயனர்கள். மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இன்னும் அதை ஓட்டுகிறீர்கள் என்றால், அல்லது ஒரே ஒரு கன்ட்ரோலரோடு புதிய சர்வர் ஓட்டுகிறீர்கள் என்றால், ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: குரூப் பாலிசி (எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து போடும் விதிகள்) கெட்டால் நல்ல பிரதியைத் தரப் பக்கத்தில் இன்னொரு கன்ட்ரோலர் கிடையாது. அதனால் பழுதைவிட, அவசரத்தில் தட்டும் பழுதுநீக்கக் கட்டளைதான் பெரிய ஆபத்து.

முதலில் பிரதி எடுங்கள். குரூப் பாலிசி மேனேஜ்மென்ட் கன்சோலில் "குரூப் பாலிசி ஆப்ஜெக்ட்ஸ்" மீது ரைட் கிளிக் செய்து "பேக் அப் ஆல்" கொடுங்கள். ஏதாவது ஒரு பாலிசியில் அது தோல்வியடைந்தால் நல்லதுதான், சிதைந்தது எது என்று அப்போதே தெரிந்துவிடும். அடுத்து சி டிரைவில் விண்டோஸ் உள்ளே சிஸ்வால் (பாலிசி ஃபைல்கள் இருக்கும் இடம்), அதனுள் டொமைன் என்ற ஃபோல்டரை ராபோகாப்பி என்ற நகலெடுக்கும் கட்டளையால் வேறு டிரைவுக்கு எடுங்கள். "/ஈ /காப்பிஆல் /எக்ஸ்ஜே" மூன்றும் வேண்டும். கடைசியில் உள்ளது ஜங்ஷன்களை (ஃபோல்டர் போலத் தெரிந்து வேறு ஃபோல்டருக்குக் கொண்டுபோகும் இணைப்புகளை) தவிர்ப்பதற்கு. சிஸ்வாலுக்குள் இன்னொரு சிஸ்வால் ஃபோல்டர் இருக்கும், அதில் டொமைன் பெயரில் தெரிவது உண்மையான ஃபோல்டர் அல்ல, மேலே சொன்ன டொமைன் ஃபோல்டருக்குப் போகும் ஜங்ஷன். யாரோ எக்ஸ்புளோரரில் இழுத்துப் போட்டு "ரீஸ்டோர்" செய்ததால் அந்த ஜங்ஷன் சாதாரண ஃபோல்டராக மாறி, இரண்டு இடத்தில் இரண்டு விதமான பாலிசி கிடப்பதும் நடக்கும். கமாண்ட் பிராம்ப்டில் "டிஐஆர்" போட்டால் ஜங்ஷன் என்று காட்டுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டு பாதிகள்

ஒரு பாலிசி இரண்டு இடங்களில் வாழ்கிறது. ஒரு பாதி டொமைனின் தரவுத்தளமான ஆக்டிவ் டைரக்டரிக்குள், "சிஸ்டம்" கன்டெய்னரின் கீழே "பாலிசீஸ்" என்பதில் ஓர் ஆப்ஜெக்டாக. மறு பாதி சிஸ்வாலில், அதே நீண்ட அடையாள எண்ணைப் பெயராகக் கொண்ட ஃபோல்டராக. அந்த ஃபோல்டரின் வாசலில் ஜிபிடி.ஐஎன்ஐ என்ற சின்ன டெக்ஸ்ட் ஃபைல், உள்ளே ஒரு வெர்ஷன் எண். இந்த எண் ஒன்றல்ல, இரண்டு. 65536-ஆல் வகுத்தால் ஈவு பயனர் பகுதியின் வெர்ஷன், மீதி கணினிப் பகுதியின் வெர்ஷன். 196613 என்று இருந்தால் பயனர் 3, கணினி 5. கன்சோலில் பாலிசியைத் தேர்ந்து "டீடெயில்ஸ்" டேபில் பார்த்தால் இரு பாதிகளின் எண்களும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். எண்கள் மட்டும் வேறுபட்டால் பயப்பட வேண்டாம்: பாலிசியைத் திறந்து ஏதாவது ஓர் அமைப்பைச் சின்னதாக மாற்றிச் சேமித்தால் பெரும்பாலும் ஒத்துப்போய்விடும்.

சிதைவு போலத் தெரிவது

"பாலிசி கரப்ட்" என்று சொல்லப்படும் இடங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் டிஎன்எஸ்-ஐத்தான். கணினியின் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் லாகைத் திறந்து 1058-ஐத் தேடுங்கள். ஜிபிடி.ஐஎன்ஐ-யைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும் நிகழ்வு அது. "டீடெயில்ஸ்" டேபில் எரர் கோட் இருக்கும். 3 என்றால் அந்தப் பாதையே இல்லை, 5 என்றால் அனுமதி இல்லை, 53 என்றால் நெட்வொர்க்கில் சர்வரையே எட்ட முடியவில்லை. 53 வந்தால் சிஸ்வாலைத் தொடவே வேண்டாம். அந்தக் கணினியின் டிஎன்எஸ் எதைச் சுட்டுகிறது என்று பாருங்கள். இன்டர்நெட் ரவுட்டரோ 8.8.8.8-ஓ இரண்டாவது டிஎன்எஸ்-ஆக இருந்தால்கூட, டொமைன் பெயரைக் கேட்டால் சில நேரம் பதில் வரும், சில நேரம் வராது. ரவுட்டரின் டிஹெச்சிபி-யை (கணினிகளுக்கு முகவரியும் டிஎன்எஸ்-உம் தரும் வேலையை) அணைத்து, அதைச் சர்வரிடம் விட்டு, சர்வரை மட்டுமே டிஎன்எஸ்-ஆகத் தரச் செய்யுங்கள். சர்வரின் நெட்வொர்க் கார்டும் தன்னையேதான் சுட்ட வேண்டும்.

எளிய சோதனை ஒன்று: சர்வர் பெயரைப் போட்டு சிஸ்வால் ஷேரைத் திறங்கள், பிறகு டொமைன் பெயரைப் போட்டுத் திறங்கள். முதலாவது திறந்து இரண்டாவது திறக்காவிட்டால் ஃபைல்கள் நலமாக இருக்கின்றன, பெயர்த் தீர்வில்தான் கோளாறு.

கோட் 5 வந்தால் சிஸ்வால் ஃபோல்டரின் அனுமதிகள் மாறியிருக்கலாம். 2016 ஜூனில் வந்த எம்எஸ்16-072 பாதுகாப்புத் திருத்தத்தையும் நினைவில் வையுங்கள். அதற்குப் பிறகு பயனர் பாலிசியையும் கணினியின் கணக்கில்தான் விண்டோஸ் படிக்கிறது. பாலிசி யாருக்குப் பொருந்தும் என்று சொல்லும் செக்யூரிட்டி ஃபில்டரிங்கில் "ஆத்தென்டிகேட்டட் யூசர்ஸ்" என்பதை நீக்கி ஒரு பயனர் குழுவை மட்டும் வைத்திருந்தால் அந்தப் பாலிசி சத்தமில்லாமல் நின்றுவிடும். "டெலிகேஷன்" டேபில் "டொமைன் கம்ப்யூட்டர்ஸ்" குழுவுக்குப் படிக்கும் அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். விண்டோஸ் 10 கணினிகளில் மட்டும் பாலிசி வராவிட்டால் டபிள்யூஎம்ஐ ஃபில்டரை (எந்தக் கணினிக்குப் பாலிசி போக வேண்டும் என்ற நிபந்தனையை) திறந்து பாருங்கள்: பதிப்பு 6-இல் தொடங்க வேண்டும் என்று எழுதிய ஃபில்டரில் 10.0 சிக்காது.

ஒரு கணினி மட்டும் அடம்பிடித்தால்

மற்ற எல்லாக் கணினிகளும் பாலிசியை எடுத்துக்கொள்ளும்போது ஒன்று மட்டும் மறுத்தால் கோளாறு அங்கேதான். 1096 நிகழ்வு பாலிசியின் ரெஜிஸ்ட்ரி ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும். அதில் எந்தப் பாலிசி என்று எழுதியிருக்கிறதோ அதைக் கவனியுங்கள். "லோக்கல்ஜிபிஓ" என்றிருந்தால் சிதைந்தது அந்தக் கணினியின் சொந்த ஃபைல். சிஸ்டம்32-க்குள் மறைந்திருக்கும் "குரூப்பாலிசி" ஃபோல்டரில் "மெஷின்" உள்ளே ரெஜிஸ்ட்ரி.பிஓஎல் என்றிருக்கும். பெயரை மாற்றிவிட்டு, பாலிசியை உடனே மீண்டும் எடுக்க ஜிபிஅப்டேட் /ஃபோர்ஸ் கொடுங்கள். அந்தக் கணினியில் மட்டும் கையால் வைத்திருந்த லோக்கல் பாலிசிகள் இதில் போய்விடும், முன்பே குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 1096-இல் டொமைன் பாலிசியின் பெயர் வந்தால் சர்வரில் உள்ள ஃபைல்தான் கெட்டது.

1202 நிகழ்வு 0எக்ஸ்534 என்ற கோடோடு வந்தால் எதுவும் சிதையவில்லை. நீக்கப்பட்ட ஒரு கணக்கின் பெயர் ஏதோ ஒரு பயனர் உரிமையில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

சர்வரில் உண்மையாகவே சிதைந்திருந்தால்

ஜிபிடி.ஐஎன்ஐ மட்டும் காலியாகவோ காணாமலோ போயிருந்தால் நோட்பேடில் திரும்ப எழுதலாம். முதல் வரியில் சதுர அடைப்புக்குள் "ஜெனரல்", இரண்டாம் வரியில் "வெர்ஷன்" என்று எழுதி சமக்குறியும் எண்ணும். அந்த எண்ணை ஆக்டிவ் டைரக்டரியைத் திறந்து பார்க்கும் ஏடிஎஸ்ஐ எடிட் கருவியில் அந்தப் பாலிசி ஆப்ஜெக்டின் "வெர்ஷன்நம்பர்" பண்பிலிருந்து எடுங்கள், ஊகித்துப் போடாதீர்கள்.

முழு ஃபோல்டரும் போயிருந்தால் பழைய பேக்கப்பிலிருந்து அந்த அடையாள எண் ஃபோல்டரை மட்டும் எடுத்து வையுங்கள். கன்சோலில் எடுத்த பேக்கப் இருந்தால் "ரெஸ்டோர் ஃப்ரம் பேக்கப்" இன்னும் சுத்தமான வழி. ஆனால் நீக்கப்பட்ட பாலிசியை அப்படி மீட்டால் அது எந்தெந்த ஓயு-வில் (கணக்குகளைப் பிரித்து வைக்கும் பிரிவில்) இணைக்கப்பட்டிருந்தது என்பது திரும்பி வராது. டபிள்யூஎம்ஐ ஃபில்டரும் பேக்கப்பில் சேராது. இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைப்பது பத்து நிமிட வேலை.

சிஸ்வால் ஷேரே காணாமல் போயிருந்தால், கன்ட்ரோலர்களுக்கிடையே சிஸ்வாலை நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் சர்வீஸைப் பாருங்கள். "டிஎஃப்எஸ்ஆர்மிக் /கெட்குளோபல்ஸ்டேட்" என்று கேட்டால் பழைய எஃப்ஆர்எஸ்-ஆ, புதிய டிஎஃப்எஸ்ஆர்-ஆ என்று தெரியும். "எலிமினேட்டட்" என்றால் டிஎஃப்எஸ்ஆர். எஃப்ஆர்எஸ் லாகில் 13568 இருந்தால் ஜர்னல் ராப், அதாவது டிஸ்கின் மாற்றப் பதிவேட்டில் எஃப்ஆர்எஸ் தன் இடத்தைத் தவறவிட்டது. மின்வெட்டில் சர்வர் அணைந்த பிறகு இது வருவதுண்டு. அந்த நிகழ்வின் செய்தியிலேயே தானியங்கி மீட்பை இயக்கும் ரெஜிஸ்ட்ரி மதிப்பைப் பற்றிச் சொல்லியிருப்பார்கள். ஒற்றைச் சர்வரில் அதைச் செய்யாதீர்கள். அது கோப்புகளை ஒதுக்குப்புறமான ஒரு ஃபோல்டருக்குத் தள்ளிவிட்டு, வராத கூட்டாளி சர்வருக்காகக் காத்திருக்கும். சரியான வழி இது: எஃப்ஆர்எஸ்-இன் சர்வீஸான என்டிஎஃப்ஆர்எஸ்-ஐ நிறுத்துங்கள். ரெஜிஸ்ட்ரியில் அந்த சர்வீஸின் "பேராமீட்டர்ஸ்", "பேக்கப்/ரெஸ்டோர்", "பிராசஸ் அட் ஸ்டார்ட்அப்" வரை போய் "பர்ஃபிளாக்ஸ்" மதிப்பை ஹெக்ஸில் டி4 ஆக்குங்கள். சர்வீஸைத் தொடங்குங்கள். டி4 என்றால் "என்னிடம் இருப்பதே மூலப்பிரதி" என்று பொருள். டி2 போட்டால் இன்னொருவரிடம் கேட்டுப் பெறு என்று பொருள், இங்கே இன்னொருவர் இல்லை. லாகில் 13553-உம் 13516-உம் வந்த பிறகு "நெட் ஷேர்" கொடுத்தால் சிஸ்வாலும் நெட்லாகனும் தெரிய வேண்டும்.

டிஎஃப்எஸ்ஆர் ஓடும் சர்வரில் இதுபோன்ற அணைப்புக்குப் பிறகு 2213 வந்தால், அந்தச் செய்தியிலேயே வால்யூம் எண்ணோடு ஒரு கட்டளை இருக்கும். பிரதி எடுத்த பிறகு அதை அப்படியே ஓட்டலாம்.

டிசிஜிபிஓஃபிக்ஸ்: கடைசி ஆயுதம்

டொமைனோடு பிறக்கும் இரண்டு அடிப்படைப் பாலிசிகளை இந்தக் கட்டளை புதிதாக எழுதித் தரும். அது தருவது வெறும் விண்டோஸின் தொடக்க நிலையை மட்டுமே. டொமைன் பாலிசியில் பாஸ்வேர்டு விதி 7 எழுத்து, 42 நாள் என்று திரும்பிவிடும், நீங்கள் சேர்த்த சான்றிதழ்கள் போய்விடும். கன்ட்ரோலர் பாலிசியில் இழப்பு இன்னும் பெரிது. "மேனேஜ் ஆடிட்டிங் அண்ட் செக்யூரிட்டி லாக்" உரிமையில் "எக்ஸ்சேஞ்ச் சர்வர்ஸ்" குழு இருக்கும். அது அழிந்தால் எக்ஸ்சேஞ்சால் டைரக்டரியைப் பயன்படுத்த முடியாது, 2114 நிகழ்வோடு மின்னஞ்சல் நின்றுவிடும்.

ஓட்டியே ஆக வேண்டுமென்றால் முதலில் "செக்எடிட் /எக்ஸ்போர்ட் /ஏரியாஸ் யூசர்_ரைட்ஸ் /சிஎஃப்ஜி" என்று எழுதி ஃபைல் பெயரையும் சேர்த்துக் கொடுத்து உரிமைகளை ஒரு ஃபைலில் எடுங்கள். கெட்டது எதுவோ அதை மட்டும் "/டார்கெட்" பகுதியில் சொல்லுங்கள், "போத்" வேண்டாம். முடிந்ததும் எடுத்துவைத்த பட்டியலைப் பார்த்து ஒவ்வோர் உரிமையாகச் சேர்த்து, ஜிபிஅப்டேட் கொடுத்து, மின்னஞ்சல் போய் வருகிறதா என்று பார்த்த பிறகுதான் எழுந்திருங்கள். குழுவைச் சேர்த்தும் எக்ஸ்சேஞ்ச் எழவில்லை என்றால் அதன் செட்டப்பை "/பிரிப்பேர்ஏடி" சேர்த்து ஓட்டலாம்.

மீண்டும் வராமல் இருக்க ஆன்டிவைரஸ் ஸ்கேனிலிருந்து சிஸ்வால், என்டிடிஎஸ் (ஆக்டிவ் டைரக்டரியின் தரவு), ரெப்ளிகேஷன் சர்வீஸின் ஃபோல்டர் மூன்றையும் விலக்குங்கள். யுபிஎஸ்-இன் பேட்டரி தீரும் முன் சர்வரை முறையாக நிறுத்தும் மென்பொருளை நிறுவி, ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிச் சோதியுங்கள். "பேக் அப் ஆல்" எடுத்த ஃபோல்டர் அதே சர்வரில் இருக்கக்கூடாது.